மாலதிக்கு, அந்தப் பச்சை மாத்திரை பற்றி

அன்புள்ள மாலதி,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்துக்கு மூன்று வாரம் பதில் போடாதது என் தப்பு, நேரில் வரும்போது திட்டிக்கொள். ஆனால் 'ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்றார்கள், மூன்று வகை ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிடுகிறேன்' என்பதையா கடைசி வரியில் எழுதுவாய்? சாரதா சொல்வது சரிதான், உன் கடிதத்தைக் கீழிருந்துதான் படிக்கவேண்டும்.

அந்தப் பச்சை மாத்திரையை, அதாவது க்ரீன் டீ எக்ஸ்ட்ராக்ட்டை, இன்றே நிறுத்து. டீயாகக் குடிக்கிறவர்களுக்கு அதிலுள்ள ஈஜிசிஜி என்ற ஆன்டிஆக்சிடன்ட் ஒரு நாளில் 90 முதல் 300 மில்லிகிராம்தான் சேரும். மாத்திரையிலோ அது செறிவாக்கப்பட்டது. நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் போனால் கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே சொல்லிவிட்டது. நீ வெறும் வயிற்றில் வேறு போடுகிறாய். அப்படிப் போட்டால் ரத்தத்தில் அளவு இன்னும் கூடும். அளவு மீறிய ஈஜிசிஜி தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும், அப்படி மாறிய அதன் குவினோன் வடிவம், கல்லீரல் தன் காவலுக்கு வைத்திருக்கும் குளுட்டாதயோனைப் பிடித்துத் தீர்க்கும். காவலுக்கு வைத்தவனே கஜானாவைக் காலி செய்கிற கதை. எச்எல்ஏ-பி 35:01 மரபணு வகை உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். அது உனக்கு இருக்கிறதா என்று பார்த்தவர் யாருமில்லை. சிறுநீர் அடர்ந்த நிறமாகப் போவது, உடம்பு அரிப்பு, கண் மஞ்சள், இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் போ. ஒன்றும் தெரியாவிட்டாலும் இந்த வாரம் ரத்தத்தில் ஏஎல்டி (கல்லீரல் நொதி), பிலிருபின் (மஞ்சள் காமாலையில் ஏறுவது) பார்த்துவிடு. சரியான பிறகு 'ஒன்று போட்டுப் பார்ப்போமே' என்று திரும்பத் தொடாதே. இரண்டாம் முறை இன்னும் வேகமாகத் தாக்கும்.

குளுட்டாதயோன் மாத்திரைக்குச் செலவழிப்பது வீண். பெரும்பகுதி குடலிலேயே உடைந்துவிடும். கல்லீரல் அதை மூன்று அமினோ அமிலங்களிலிருந்து தானே செய்துகொள்கிறது: குளுட்டமேட், சிஸ்டீன், கிளைசின். இதில் தட்டுப்பாடு வருவது சிஸ்டீனுக்குத்தான்.

வைட்டமின் ஈ விஷயம் வேறு, அதற்குச் சான்று உண்டு. 2010-இல் வந்த ஆய்வில் தினம் 800 ஐயு வீதம் 96 வாரம் எடுத்தவர்களில் 43 சதவீதத்தினருக்குக் கல்லீரல் அழற்சி குறைந்தது. மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 19 சதவீதம்தான். கல்லீரல் தழும்பு மட்டும் குறையவில்லை. ஆனால் அவர்கள் பயாப்சியில் (கல்லீரல் திசுவை எடுத்துப் பார்த்ததில்) அழற்சி உறுதியானவர்கள், சர்க்கரை இல்லாதவர்கள். உனக்கு இரண்டும் பொருந்தாதே, மாலதி. கணேசனுக்கும் கொடுக்கிறாயாமே? 400 ஐயு எடுத்த ஆண்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011-இல் வந்தது. அவனுக்குக் கொடுக்காதே.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது நீ போகிறபோக்கில் எழுதிய முழங்கால் வலி. அதற்குப் போடுகிற மாத்திரை பாராசிட்டமாலாக இருக்கலாம். பாராசிட்டமாலில் 5 முதல் 10 சதவீதம் கல்லீரலில் நாப்கி என்ற விஷமாக மாறும். குளுட்டாதயோன் அதை உடனுக்குடன் முடக்கிவிடும். கையிருப்பு வழக்கத்தில் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நாப்கி, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும், செல் செத்துப்போகும். பட்டினி கிடந்தால் கையிருப்பு குறையும், நாள்பட்ட மது நாப்கியைக் கூட்டும். வலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று என்று நீ போடுகிற மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கலாம். எல்லாம் சேர்த்து ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டவே கூடாது. உன்னைப் போல விரதம் இருக்கிறவள் எவ்வளவு குறைத்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரிடம் கேள்.

யாராவது அளவு மீறிப் போட்டுவிட்டால் 'நன்றாகத்தானே இருக்கிறார்' என்று காத்திருக்காதே. முதல் நாள் குமட்டலைத் தவிர ஒன்றும் தெரியாமல் போகலாம். மாற்று மருந்து அசிடைல்சிஸ்டீன். கல்லீரலுக்குள் போய் சிஸ்டீனைக் கொடுக்கும், குளுட்டாதயோன் மறுபடி ஊறும். 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் கல்லீரல் பெரும்பாலும் தப்பிவிடும். கிலோவுக்கு 150 மில்லிகிராம் ஒரு மணி நேரத்தில், அடுத்து 50 நான்கு மணி நேரத்தில், பிறகு 100 பதினாறு மணி நேரத்தில் ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். முதல் டோஸில் முகம் சிவந்து அரித்தால் வேகத்தைக் குறைத்தோ, சற்று நிறுத்தியோ மறுபடி ஏற்றுவார்கள். பயந்துபோய் 'வேண்டாம்' என்று சொல்லிவிடக் கூடாது.

கொழுப்புக்கு வழி எடை குறைப்புதான். 5 சதவீதம் இறங்கினாலே கொழுப்பு குறையத் தொடங்கும், அழற்சி அடங்க 7 முதல் 10 வேண்டும். மெதுவாக, பட்டினி கிடக்காமல்.

எல்லா மாத்திரை அட்டையின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. எழுத்து பொடியாக இருக்கும், சாரதாவின் கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொள்.

அன்புடன்,
வசந்தா