அழுத்தம் சரி, நரம்பைப் பார்த்தார்களா?

ஆசிரியருக்கு,

பார்வை நரம்பை மெல்லச் சிதைக்கும் கண் நோயான கிளாக்கோமாவுக்குப் பரிசோதனை என்றாலே கண் அழுத்தத்தை மட்டும் அளந்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறோம். அழுத்தம் இயல்பின் மேல்வரம்பாகக் கருதப்படும் 21 மி.மீ. பாதரச அளவைத் தாண்டாதவர்களுக்கும் இந்நோய் வருகிறது. பார்வை நரம்பின் முகப்புக்கு ரத்தம் கொண்டுசேர்ப்பவை மிக நுண்ணிய நாளங்கள். அவற்றில் ஓட்டம் குன்றினால் நரம்பிழைகள் நலிய வாய்ப்புண்டு. நாளக் குறைபாடு நோய்க்குக் காரணமா, விளைவா என்ற விவாதம் ஓயவில்லை. ஆனாலும் நரம்பின் விளிம்பில் தெரியும் சிறு ரத்தக் கசிவை அலட்சியப்படுத்தவே கூடாது. நோய் முற்றுவதற்கான எச்சரிக்கை அது.

இரவில் ரத்த அழுத்த மாத்திரை எடுக்கும் கிளாக்கோமா நோயாளிகள் அதைக் கண் மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். தூக்கத்தில் ரத்த அழுத்தம் மிகவும் இறங்கினால் கண் நரம்புக்குப் போகும் ரத்தமும் குறையலாம். மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. 40 வயதைக் கடந்தவர்களுக்கு நரம்பையும் பார்த்துச் சொல்லுங்கள் என்று கண் மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகர்