சைகை பார்க்காத பிட்சர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீ அமெரிக்காவில் டொலிடோவுக்குப் போனதிலிருந்து அந்த ஊர்ச் சங்கதி எது கிடைத்தாலும் படித்துவிடுகிறேன். அப்படித்தான் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் கிடைத்தார். 1884-ல் உங்கள் ஊர் பேஸ்பால் அணி அமெரிக்கன் அசோசியேஷன் என்ற பெரிய லீக்கில் ஆடியபோது அதன் கேட்சர், அதாவது அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர். பேஸ்பாலில் எனக்குப் பாதி விதி புரியாது. ஆனால் காலேஜில் விக்கெட் கீப்பராக நின்றவன் இல்லையா, அந்தப் பாடு புரியும். அந்தக் காலத்தில் இன்றுபோல் திண்டு வைத்த கையுறை கிடையாது. கேட்சர்களுக்கு விரல் உடைவது சர்வசாதாரணம்.

வாக்கர் கறுப்பினத்தவர். ஓபர்லின் கல்லூரியிலும் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். முந்தின வருஷமே சிகாகோ அணித் தலைவர் கேப் ஆன்சன், இவர் இறங்கினால் நாங்கள் ஆடமாட்டோம் என்று முரண்டு பிடித்தார். கையில் காயமாக இருந்த வாக்கரை அன்று இறக்கும் யோசனையே டொலிடோ மேனேஜருக்கு இல்லை. ஆன்சன் அப்படிச் சொன்னதும் வேண்டுமென்றே இறக்கினார்! ஆடாவிட்டால் வசூலில் பங்கு கிடையாது என்றதும் ஆன்சன் வாயை மூடிக்கொண்டு ஆடினார். இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், ரொம்பச் சிரித்தாள்.

பெரிய லீக்கில் வாக்கர் ஆடியது அந்த ஒரே சீசன். 42 ஆட்டம், பேட்டிங் சராசரி .263 (நூறு தடவையில் இருபத்தாறு ஹிட் என்று கணக்கு). விலா எலும்பில் அடிபட்டது. சீசன் முடிவதற்குள் அனுப்பிவிட்டார்கள். சின்ன லீக்குகளில் 1889 வரை ஆடினார். அவருடைய தம்பி வெல்டியும் அதே 1884-ல் டொலிடோவுக்குச் சில ஆட்டங்கள் ஆடினார். அதற்கப்புறம் பெரிய லீக்கில் வெளிப்படையாக ஒரு கறுப்பர் ஆட 1947-ல் ஜாக்கி ராபின்சன் வரவேண்டியிருந்தது.

நான் சொல்ல வந்தது டோனி முல்லேன் விஷயம். அதே அணியின் பிட்சர், அதாவது பந்து வீசுபவர். எந்த மாதிரிப் பந்து வேண்டும் என்று கேட்சர் காட்டும் சைகையைப் பார்த்துத்தான் பிட்சர் பந்து வீசவேண்டும். கறுப்பர் என்பதால் வாக்கரின் சைகையை மதிக்காமல் தன் இஷ்டத்துக்கு வீசினார் முல்லேன். ஒருநாள் வாக்கர் நேரே அவரிடம் போனார். சைகையே இல்லாமல் பிடிக்கிறேன், ஆனால் நான் ஒன்று காட்டி நீ வேறொன்று வீசினால் பிடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்புறம் என்ன பந்து வரும் என்றே தெரியாமல் மிச்சச் சீசனும் பிடித்தார். இதை முல்லேனே பின்னாளில் சொன்னார், தான் ஆடியதில் வாக்கர்தான் சிறந்த கேட்சர் என்றும் சேர்த்து. காலம் போனபின் வந்த பாராட்டு யாருக்கு வேண்டும்?

உன் டீமில் அந்த சீனியர் விவரம் சொல்லாமலே வேலையைத் தள்ளிவிடுகிறார் என்றாயே. அம்மா பொறுத்துப் போகச் சொல்கிறாள். என்னைக் கேட்டால், திங்கட்கிழமையே நேரில் போய்க் கேள். விவரம் வந்தால்தான் தொடுவேன் என்று மெயிலிலும் எழுதிப் போடு. பதில் என்ன வந்தது என்று போனில் சொல்.

அன்புடன்,
அப்பா