செவுளில் இருப்பது தாமிரமா, இரத்தமா?

அன்புள்ள சேகர்,

மூன்று மாதமாய்ப் பதில் போடாததற்கு முதலில் திட்டிவிடு, பிறகு மேலே படி. இங்கே எல்லாரும் சௌக்கியம்.

ஒடிசா சாந்திப்பூர் குதிரைலாட நண்டுகளின் உறுப்புகளில் உலோகம் அளந்து நீ அனுப்பிய அட்டவணை வந்தது. ஈரல்கணையத்தில் (அதன் செரிமானச் சுரப்பியில்) காட்மியம் ஏறியிருப்பது எதிர்பார்த்ததுதான். மெட்டல்லோதயோனின் என்கிற புரதம் அதைப் பிடித்து அங்கேயே அடைத்துவிடும். தசையில் குறைவு, சரி. செவுள்தான் உறுத்துகிறது. தாமிரம் எகிறியதும் "தொழிற்சாலைக் கழிவு" என்று எழுதிவிட்டாயே! அந்தப் பிராணியின் இரத்தமே தாமிரம்டா.

கணக்குப் போட்டுப் பார். அதன் இரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் புரதமான ஹீமோசயனின் எடையில் சுமார் 0.17 சதவீதம் தாமிரம். லிட்டர் இரத்தத்தில் 50 கிராம் ஹீமோசயனின் என்று வைத்துக்கொண்டால், மில்லிக்கு 85 மைக்ரோகிராம். ஒரு கிராம் ஈரச் செவுளில் 0.2 மில்லி இரத்தம் தங்கினாலே 17 மைக்ரோகிராம் வந்துவிடும். செவுளில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்றால், உலர் எடையில் அதுவே கிராமுக்கு 85 மைக்ரோகிராம்! ஏடு ஏடாய் அடுக்கிய உறுப்பில் இரத்தம் தங்காமல் எங்கே போகும்?

இன்னொன்றுதான் பெரிய கவலை. வலையில் சிக்கிக் கரையில் செத்துக் கிடந்தவற்றையும் சேர்த்திருக்கிறாய். பாக்டீரியா பட்டதும் அந்த இரத்தம் கூழாய் உறைந்துவிடும். அப்புறம் எவ்வளவு அலசினாலும் போகாது. அவற்றைத் தாமிரக் கணக்கிலிருந்தே எடுத்துவிடு.

அனுமதி வாங்கிய உயிருள்ளதில், முன் ஓடும் பின் ஓடும் சேரும் மூட்டில் ஊசி போட்டு இரத்தம் எடு. அதைத் தனியாக அள. பிறகு செவுளை ஏடு ஏடாகப் பிரித்து, குளிர்ந்த 3 சதவீத உப்புக் கரைசலில் அலசு. வாலைவடிநீர் வேண்டாம்; செல் வெடித்து உள்ளிருக்கும் உலோகமும் ஓடிவிடும். உறையக்கூடாதென்று ஈடிடிஏ ஊற்றினால் இன்னும் மோசம், உலோகத்தையே கவ்விக்கொண்டு போகும். கத்தரி டைட்டானியம்தானே? எஃகுக் கத்தரியிலிருந்து குரோமியம் ஒட்டிக்கொண்ட பழைய கூத்து மறுபடி வேண்டாம், சாமி.

ஏடுகளுக்கிடையே களிமண்ணும் ஒட்டும். அலுமினியத்தையும் அள, அது ஏறியிருந்தால் உன் இரும்பு எண்ணைச் சேறு என்று படி.

ஆர்செனிக்கைப் பார்த்தும் பதறாதே. கடல் விலங்குகளில் அது பெரும்பகுதி ஆர்செனோபீட்டைன் என்கிற கரிமச் சேர்மமாய்த்தான் இருக்கும், அவ்வளவு விஷமில்லை. ஆனால் உப்பிலிருக்கும் குளோரின், உலோகம் அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் ஆர்கான் வாயுவோடு சேர்ந்து, ஆர்செனிக்கின் நிறை எண்ணான 75-இலேயே வந்து நிற்கும். அதை விலக்க ஹீலியம் விட்டுத்தானே ஓட்டினாய்?

அலசின நீரைக் கொட்டிவிடாதே. ஒவ்வொரு அலசலிலும் தாமிரம் பார்த்து, எத்தனையாவதில் எண் இறங்காமல் நிற்கிறதென்று எழுது. அதுவரை அந்தக் கழிவு வாக்கியத்தை அடித்து வை.

உன்,
ரவி