வேகத்தைப் போடுகிறீர்கள், எடையையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் வாகனப் பகுதியில் வந்த மின்சார எஸ்யூவி விமர்சனத்தைப் படித்தேன். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடும், ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும், உள்ளே திரை எத்தனை அங்குலம் என்று எல்லாமே இருந்தது. வண்டியின் எடை மட்டும் எங்குமே இல்லை. கார் ஓட்டுவதில் ஆசை உள்ளவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

மின்சார கார் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. மஹிந்திரா பிஇ 6 காரை 2024 நவம்பரில் நம்ம சென்னையில்தான் அறிமுகப்படுத்தினார்கள். ஆசையோடு போய் ஓட்டிப் பார்த்தேன். பெரிய பேட்டரி வண்டியில் 79 கிலோவாட் ஹவர் பேட்டரி, பின்சக்கரங்களைத் தள்ளும் 286 குதிரைத்திறன் மோட்டார். நூறைத் தொட 6.7 நொடி என்று நிறுவனம் சொல்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டி தாண்டி வழி கிடைத்ததும் காலை அழுத்தினால், பெட்ரோல் வண்டியில் போல கியர் இறங்கட்டும், டர்போ விழிக்கட்டும் என்று காத்திருக்கும் வேலையே இல்லை. அழுத்திய அந்தக் கணமே வண்டி பாய்கிறது. பேட்டரி தரையோடு தரையாக இருப்பதால் உயரமான வண்டியாக இருந்தும் வளைவில் பெரிதாகச் சாய்வதில்லை. நம் ஊர்ப் பொறியாளர்கள் செய்த வண்டி என்பதில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் பிக்கப் இருந்தால் அது ஸ்போர்ட்ஸ் கார் ஆகிவிடுமா? என்னிடம் மறைமலை நகரில் தயாரான பழைய ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 லிட்டர் பெட்ரோல் கார் இருக்கிறது. 101 குதிரைத்திறன், எடை 1,100 கிலோ சொச்சம். நேர்ச்சாலையில் பிஇ 6 இதைக் கண்ணுக்கெட்டாத தூரத்தில் விட்டுவிட்டுப் போய்விடும். அதே ஃபியஸ்டாவை ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றிப் பாருங்கள். இரண்டாவது கியரில் வளைவுக்குள் நுழையும்போது ஸ்டீயரிங் கையில் மெல்ல இறுகும். முன் டயர் பிடியை இழக்கப் போகிறது என்றால் அந்த இறுக்கம் லேசாகத் தளரும். கண்ணுக்குத் தெரியும் முன்பே விரல்களுக்குத் தெரிந்துவிடும், நாமும் காலைத் தளர்த்திவிடுவோம். நாற்பது கிலோமீட்டர் வேகத்திலேயே இந்தச் சுகம் கிடைக்கிறது. எந்தச் சட்டத்தையும் மீற வேண்டாம், யாரையும் பயமுறுத்த வேண்டாம்.

எடை கூடக் கூட இந்த உணர்வுதான் முதலில் போகிறது. பெரிய பேட்டரி மட்டுமே சில நூறு கிலோ. அந்தப் பாரத்தைத் திருப்பவும் நிறுத்தவும் 19 அங்குலச் சக்கரம், 245 மில்லிமீட்டர் அகல டயர் எல்லாம் தேவைப்படுகிறது. ஸ்டீயரிங்குக்கு மோட்டார் உதவியும் அதற்கேற்பக் கூட வேண்டும். கடைசியில் சாலை சொல்லும் சேதி கைக்கு வந்து சேர்வதே இல்லை. மலை இறங்கும்போது மோட்டாரே வேகத்தைப் பிடித்துப் பேட்டரியில் சேர்ப்பது அருமையான ஏற்பாடு, பிரேக் பேடு அதிகம் சூடாகாது. ஆனாலும் கனம் கனம்தான். இரண்டு மடங்கு எடை என்றால் அதே வேகத்தில் அடக்க வேண்டிய ஆற்றலும் இரண்டு மடங்கு.

பழியை மின்சாரத்தின் மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. 1998-ல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 சுமார் 1,800 கிலோ. 2024-ல் வந்த, பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட் எம்5 2,400 கிலோவுக்கும் மேல். விலை குறைந்த வண்டிகளிலோ சிவப்பு நூல் தையல், கறுப்புக் கூரை, ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான், ‘ஸ்போர்ட்’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகி 2021-ல் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைன் அந்த ரகம் இல்லை. சஸ்பென்ஷனை இறுக்கினார்கள், ஸ்டீயரிங்கைத் திருத்தினார்கள், பிற்பாடு கிளட்ச்சோடு ஆறு கியரும் கொடுத்தார்கள். அதே நிறுவனம் வெளிநாட்டில் விற்கும் ஐயோனிக் 5 என் மின்சார காரில் செயற்கையாகக் கியர் மாறும் உணர்வையும் எஞ்சின் சத்தத்தையும் சேர்த்திருக்கிறது. பலர் அதைப் பொம்மை வேலை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வண்டி என்ன செய்கிறது என்பது ஓட்டுபவருக்குக் காதாலும் உடம்பாலும் தெரிய வேண்டும் என்று புரிந்துகொண்டவர்கள் செய்த வேலை அது. ஆனால் அந்த வண்டியும் இரண்டு டன்னுக்கு மேல்!

இலேசான வண்டியின் அருமை நம் ஊருக்குத் தெரியாததா? நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் போனார். அவர் பந்தய வாழ்க்கையைத் தொடங்கியது இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில், மாருதி 800 எஞ்சின் பொருத்திய சின்னஞ்சிறு ஃபார்முலா மாருதி காரில்தான்.

அப்புறம் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டர் நீளத்துக்குள், எஞ்சின் கொள்ளளவு 1,200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40. என் ஃபியஸ்டா மாதிரி ஒன்றை இன்று யாராவது செய்தால் 40 சதவீதப் பிரிவில்தான் விழும். மின்சார காருக்கு அது எவ்வளவு கனமாக இருந்தாலும் 5 சதவீதம். அந்தச் சலுகை இருக்கட்டும், காற்றுக்கு நல்லது. ஆனால் நீளத்தையும் சிசியையும் அளக்கிற அரசு, எடையையும் ஒரு கணக்காக எடுத்துக்கொண்டால், சின்ன பேட்டரியோடு ஆயிரத்து இருநூறு கிலோவுக்குள் ஒரு விளையாட்டான மின்சார கார் செய்ய யாராவது துணிவார்கள். சென்னையைச் சுற்றி இத்தனை தொழிற்சாலைகள் இருக்கும்போது அது இங்கேயே பிறக்க முடியும் என்று மனசார நம்புகிறேன்.

தங்களிடம் கேட்பது சிறிய விஷயம்தான். இனி வரும் ஒவ்வொரு விமர்சனத்திலும் வண்டியின் எடையை வேகத்துக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். ஈரச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க எத்தனை மீட்டர் பிடித்தது என்று அளந்து போடுங்கள்; மழைக்காலத்தில் தாம்பரம் வழியாகப் போகும் ஜிஎஸ்டி நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அது ரொம்ப முக்கியம். ஒரு டயரின் விலையையும் சேருங்கள். முடிந்தால் சோதனை ஓட்டத்தைச் சென்னையின் ஓஎம்ஆர் சாலையோடு நிறுத்தாமல் ஏலகிரி வரை கொண்டுபோய்விட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
குரோம்பேட்டை, சென்னை