கயலுக்கு: திருநெல்வேலியிலிருந்து ஸ்ரீநகருக்குக் காரில் போவது பற்றி

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை இரண்டு முறை படித்தேன். அப்பாவை முன்சீட்டில் உட்கார வைத்து ஸ்ரீநகர் வரைக்கும் நீயே ஓட்டிப் போகப் போகிறாய் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் பதினாறு நாளில் போய்த் திரும்புவதாகப் போட்டிருக்கிறாயே, அதை மட்டும் மாற்று. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை 3,700 கிலோமீட்டருக்கு மேல் நீளம். நம்ம பக்கம் இன்னும் பலர் பழைய எண்படி ஏழாம் நம்பர் ரோடு என்றே சொல்கிறார்கள். மேப் காட்டும் மொத்த மணி நேரத்தை நீ ஆறு நாளுக்குப் பங்கு போட்டிருக்கிறாய். தினம் 600 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. ஒரு நாள் ஓட்டலாம், இரண்டு நாள்கூட ஓட்டலாம். நாலாவது நாள் உடம்பு கேட்காது.

2022-இல் நானும் அத்தையும் போனபோது செய்த தப்பு இதுதான். ஹைதராபாத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பினோம். மத்தியானமே நாக்பூர் வந்துவிடும் போலிருந்தது. சரி, சிவனி வரை போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வழியில் டயர் பஞ்சரானதில் இரண்டு மணி நேரம் போயிற்று. நாக்பூரைத் தாண்டும்போது இருட்டிவிட்டது. ரோட்டோரத்தில் பின்விளக்கு எதுவும் இல்லாமல் ஒரு லாரி நின்றிருந்தது. அத்தை கத்திய பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. பிரேக் அடித்து வண்டி நின்றபோது லாரிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கும் இடம்தான் இருந்தது. கண் திறந்துதான் இருந்தது கயல், ஆனால் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அதனால் ஒரு நாளைக்கு 450, மிஞ்சிப்போனால் 500 என்று வைத்துக்கொள். காலை ஆறுக்கு வண்டியை எடு, சாயங்காலம் ஐந்துக்கு ரூமில் இரு. பொழுது சாய்ந்த பிறகு தப்பான பக்கத்தில் டிராக்டர் வரும், மாடு படுத்திருக்கும். நாலு வழிச்சாலைதானே என்று நம்பாதே.

நான் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன்: சேலம், பெங்களூரைத் தாண்டி அனந்தபூர், ஹைதராபாத், நாக்பூர், சாகர், ஆக்ரா, அம்பாலா, ஜம்மு, ஸ்ரீநகர். மொத்தம் ஒன்பது நாள். ஜம்முவில் ஒரு நாளைக் கையில் வைத்துக்கொள். ராம்பன், பனிஹால் பக்கம் மழை பெய்தால் மலை சரிந்து ரோடு அடைபடும். அன்றைக்கு ரோடு திறந்திருக்கிறதா என்று போக்குவரத்துப் போலீஸ் அறிவிப்பார்கள், அதைப் பார்க்காமல் ஜம்முவை விட்டுக் கிளம்பாதே. முன்பு ரொம்பவே சுற்றிப் போன இடத்தில் இப்போது செனானி–நஷ்ரி சுரங்கப்பாதை இருக்கிறது, ஒன்பது கிலோமீட்டர் நீளம். அதைத் தாண்டிப் பனிஹாலில் இன்னொன்று. இரண்டும் இருந்தாலும் நடுவில் இருப்பது மலை ரோடுதான்.

டெல்லிக்குள் நுழையவே வேண்டாம். பல்வலில் கிழக்குப் புறவழி விரைவுச்சாலையில் ஏறினால் 135 கிலோமீட்டரில் குண்ட்லியில் இறங்கி மறுபடி நம்ம ரோட்டைப் பிடித்துவிடலாம். அதற்கு முன்னால், நாக்பூருக்கும் சாகருக்கும் நடுவே லக்னாதோனில் மட்டும் கவனம். ஜபல்பூர் ரோடு அங்கே பிரிகிறது, சாகர் போர்டைப் பார்த்துத் திரும்பு.

அப்புறம், மே மாதம் வேண்டாம். தெலங்கானாவிலும் நாக்பூரிலும் வெயில் அப்பாவைப் படுக்க வைத்துவிடும். டிசம்பர், ஜனவரியில் ஹரியானா, பஞ்சாபில் மூடுபனி, அதற்கு மேலே பனிப்பொழிவு. அக்டோபர் நடுவில் கிளம்பு. மாதக் கடைசியில் போய்ச் சேர்ந்தால் ஸ்ரீநகருக்குச் சற்று முன்னால் பாம்பூரில் குங்குமப்பூ வயல்கள் பூக்கத் தொடங்கியிருக்கும். அதுவும் இதே ரோட்டின் ஓரம்தான்.

இப்போது ஹிங்கன்காட். உன் திட்டத்தில் இந்த ஊர் இல்லை. நாக்பூருக்குத் தெற்கே இருக்கிறது. நில அளவை செய்த வில்லியம் லாம்டன் 1823-இல் இறந்தது அங்கேதான், கல்லறையும் அங்கே இருக்கிறது. 1802-இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு, அதாவது மற்ற தூரங்களைக் கணக்கிட ஆதாரமான முதல் கோடு, அளந்து வேலையைத் தொடங்கியவர். தென்முனையிலிருந்து வடக்கே 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டி அளந்துகொண்டே போனார். கோணம் அளக்க அவர் வைத்திருந்த அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது அது மோதி உடைந்த கதையை உனக்கு அப்பா சொல்லியிருப்பார். நீ வண்டி ஓட்டப்போவது ஏறக்குறைய அவர் அளந்துகொண்டே போன திசையில்தான். முப்பது வருஷம் சங்கிலி பிடித்து நிலம் அளந்த சர்வேயரான உன் அப்பா அந்த ஊரைத் தூங்கிக்கொண்டே தாண்டக் கூடாது. நான் அப்படித்தான் தாண்டினேன், சிவனிக்குப் போகும் அவசரத்தில். அந்தக் கல்லறையைப் பார்க்க ஊருக்குள் விசாரித்துப் போக வேண்டியிருக்கும், அரை நாள் ஒதுக்கு. நாக்பூரில் ஜீரோ மைல் என்ற நில அளவைக் கல்லையும் அப்பாவுக்குக் காட்டு. மறுநாள் பெஞ்ச் காட்டைப் பகலில் கடப்பாய். விலங்குகள் கீழே நடந்து போகட்டும் என்று ரோட்டையே உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள், புலிகள் அதன் அடியில் போவதைக் கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன. எங்களுக்கு அது வெறும் இருட்டாகத்தான் இருந்தது.

சில்லறை விஷயங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, அப்பாவின் நம்பரைப் போஸ்ட்பெய்டாக மாற்று. பாஸ்டேக்கில் வருட பாஸ் போட்டுவிடு, தேசிய நெடுஞ்சாலை டோல்களில் 200 முறை வரை போகலாம். நெடுஞ்சாலையில் ஏதாவது ஆனால் 1033. திரும்பி வரும்போது தருமபுரி தாண்டித் தொப்பூர் இறக்கத்தில் கியரைக் குறைத்தே இறங்கு, பின்னால் வரும் லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கிவிடு. வீட்டுக்கு வந்துவிட்டோம் என்ற நினைப்பு அங்கேதான் வரும்.

இத்தனைக்கும் இருபத்து நாலு நாளாவது வேண்டும். ஆபீஸில் கேட்டுப் பார். கிடைக்கவில்லை என்றால் இந்த முறை ஆக்ராவோடு திரும்பிவிடு, காஷ்மீரை அடுத்த வருஷம் பார்க்கலாம். பதினாறு நாளில் ஸ்ரீநகர் என்றால் நான் அக்காவிடம் சொல்லித் தடுப்பேன், கோபப்படாதே.

லீவு விஷயம் தெரிந்ததும் போன் பண்ணு. கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் நீயே ஒரு தடவை கழற்றி மாட்டிக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
மாமா