ஓராண்டு நன்கொடையும் பதினோராண்டு ஆய்வும்

ஆசிரியர் அவர்களுக்கு,

குழந்தைகளின் புற்றுநோய் ஆய்வுக்குக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஓராண்டுக் கணக்கில்தான் கொடுக்கிறார்கள். ஆண்டு முடிந்ததும் "என்ன கண்டுபிடித்தீர்கள்?" என்று கேள்வி வந்துவிடுகிறது.

கல்லீரலில் வரும் ஹெபடோபிளாஸ்டோமா கட்டிக்கு சிஸ்பிளாட்டின் நல்ல மருந்து. ஆனால் காதைக் கெடுக்கும். அதுவும் பேச்சு வரும் வயதில். சிஸ்பிளாட்டின் ஏற்றி 6 மணி நேரம் கழித்து சோடியம் தயோசல்பேட் கொடுத்தால் காது தப்புமா என்று பார்க்க, சியோபெல் 6 என்ற சோதனையில் 2007 முதல் குழந்தைகளைச் சேர்த்தார்கள். (பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் 'ஹைப்போ' என்றார்களே, அதே உப்புதான்.) 6 மணி நேர இடைவெளி ஏன்? சேர்த்துக் கொடுத்தால் உப்பு சிஸ்பிளாட்டினையே முடக்கிவிடக்கூடும், கட்டி தப்பிவிடும். நோய் அரிது என்பதால் 12 நாடுகளின் 52 மையங்கள் கைகோத்தும் 109 குழந்தைகளைச் சேர்த்து முடிக்க 2014 ஆகிவிட்டது. மூன்றரை வயதாவது ஆனால்தான் செவிப் பரிசோதனையை நம்ப முடியும், அதற்கும் காத்திருந்தார்கள். 2018-ல் முடிவு வெளியானது. சிஸ்பிளாட்டின் மட்டும் பெற்றவர்களில் 63 சதவீதம் பேருக்குக் கேட்கும் திறன் குறைந்திருந்தது. உப்பும் பெற்றவர்களில் 33 சதவீதம். பிரிட்டனின் கேன்சர் ரிசர்ச் யூகே அறக்கட்டளை உள்ளிட்டோர் இதற்குப் பணம் கொடுத்தார்கள். ஓராண்டில் கையை விரித்திருந்தால் இந்த இரண்டு எண்களும் நமக்குக் கிடைத்திருக்காது.

பணம் வற்றும்போது முதலில் போவது தரவு மேலாளர் வேலை. அவர் போனால் மருத்துவமனையை விட்டுப் போன குழந்தைகளைத் தேடிப் பிடிக்க ஆளில்லை. பாதிப் பேரின் விவரம் விட்டுப்போனால், முடிவை யாரும் நம்ப மாட்டார்கள். அடுத்தது திசு வங்கி. அறுவை அறையிலிருந்து வரும் கட்டித் துண்டை உடனே உறையவைத்து, மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். ஃபார்மலினில் போட்டால் நுண்ணோக்கியில் பார்க்கலாம், ஆனால் மரபணு ஆய்வுக்கு வேண்டிய ஆர்.என்.ஏ. மூலக்கூறு சிதைந்துவிடும். ஃப்ரீசர் வாங்கித் தந்து பெயர்ப்பலகை மாட்டுபவர்கள் உண்டு. அதன் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் ஜெனரேட்டருக்கும் கொடுப்பவர்கள் அபூர்வம். ஓரிரவு மின்சாரம் போனால் பல வருடச் சேமிப்பு கரைந்துவிடும்.

கொடுக்கும்முன் கேட்க வேண்டியவை அதிகமில்லை. இந்தப் பணம் ஆய்வுக்கா, சிகிச்சை உதவிக்கா? இரண்டும் தேவைதான், ஆனால் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் எதற்கு எவ்வளவு போனது என்று தெரியாது. திட்டத்தை வெளி நிபுணர்கள் படித்துப் பார்த்தார்களா? மருந்து பலிக்கவில்லை என்றாலும் முடிவை வெளியிடுவார்களா? திருப்தியான பதில் வந்தால், ஒரே தொகையாகக் கொடுக்க நினைத்ததை ஐந்தாண்டுத் தவணையாக எழுதிக் கொடுங்கள். சம்பளத்துக்கும் பராமரிப்புக்கும் செலவிடலாம் என்று அதிலேயே குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவ ஆய்வு நிதிப் பணியில் இருப்போர்