செயலாளர் ஆண்டறிக்கை: பந்தயத்துக்குப் போக்கும் வரத்தும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நமது மோட்டார் பந்தய ரசிகர் மன்றத்தின் இந்த ஆண்டுப் பணிகளைப் பேரவை முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். செயற்குழு தவறாமல் கூடியது, சந்தா புதுப்பிப்பும் முடிந்தது. ஆண்டு முழுக்க நம் நேரத்தை எடுத்துக்கொண்டது ஒரே வேலைதான். ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி, தாராபுரம் என்று சிதறியிருக்கும் உறுப்பினர்களைக் கோவையை அடுத்த செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கொண்டுசேர்த்து, இரவுக்குள் அவரவர் வீட்டுக்கு அனுப்பிவைப்பது. பந்தய வீரர் கரிவர்தன் பெயரைத் தாங்கிய 2.1 கிலோமீட்டர் ட்ராக் நம் வாசலிலேயே இருக்கிறது. போகத் தெரியாமல் ஒருவர்கூடப் பந்தயத்தைத் தவறவிடக் கூடாது.

கூடும் இடத்தைக் காந்திபுரத்திலிருந்து போத்தனூர் ரயில் நிலையத்துக்கு மாற்றியதே இந்த ஆண்டின் முக்கியத் தீர்மானம். ஈரோடு, திருப்பூர் வழியாக வரும் தண்டவாளம் இருகூரில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பீளமேடு, கோவை சந்திப்பு வழியாகச் சுற்றிப் போத்தனூர் போகும். மற்றொன்று நேராகப் போத்தனூர் போய்விடும். கேரளம் செல்லும் வண்டிகளில் பல இந்த நேர்வழியில் கோவை சந்திப்பைத் தொடாமலே போகின்றன. அவற்றில் சில போத்தனூரில் நிற்கும். டிக்கெட் பார்க்கும்போது கோயம்புத்தூர் என்று மட்டும் தேடினால் இவை கண்ணில் படாது. போத்தனூர் என்றும் தேட வேண்டும். அங்கிருந்து செட்டிபாளையம் பத்து கிலோமீட்டருக்குள்தான். நான்கு பேர் சேர்ந்து ஆட்டோ பிடித்தால் நகர நெரிசலே இல்லை.

இதிலும் இரண்டு சிக்கல்கள் உண்டு. இந்த வண்டிகள் பெரும்பாலும் வெகு தொலைவிலிருந்து வருபவை என்பதால் தாமதம் சகஜம். காலை முதல் பந்தயத்தைப் பார்க்க வேண்டியவர்கள் இவற்றை நம்பக் கூடாது. கோவை சந்திப்பு வரும் வண்டியில் வந்து, உக்கடம் வழியாகப் போவதே நல்லது. இன்னொன்று, அதிவிரைவு வண்டிக்குச் சாதாரண டிக்கெட் செல்லாது. கூடுதல் கட்டணம் சேர்ந்த டிக்கெட்தானா என்று கவுன்ட்டரிலேயே கேட்டு வாங்கிவிட்டு, பொதுப் பெட்டியில் மட்டும் ஏற வேண்டும்.

பேருந்தில் வருவோருக்கு: பொள்ளாச்சி பக்கத்தார் உக்கடம் வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. ஈச்சனாரியில் இறங்கினால் செட்டிபாளையம் ரோடு அங்கேயே பிரிகிறது. ஈரோடு, சேலம் பேருந்துகள் காந்திபுரத்திலும், பல்லடம், சூலூர் வழியாக வருபவை சிங்காநல்லூரிலும் விடும். பல்லடம் பக்கமிருந்து பைக்கில் வருவோர் கோவைக்குள் நுழையவே வேண்டாம், பல்லடம்–செட்டிபாளையம் ரோடே போதும்.

காரில் ஈரோடு, சேலத்திலிருந்து வருவோர் நீலாம்பூரில் பைபாஸ் பிடித்து, சிந்தாமணிப்புதூரில் திருச்சி ரோட்டைத் தாண்டி, செட்டிபாளையம் பிரிவில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். இந்த பைபாஸ் நடுவில் தடுப்பில்லாத இருவழிச் சாலை. ஞாயிறு மாலை கேரள லாரிகளுக்குப் பின்னால் வரிசை நீளும். அந்த வரிசையில் யாரும் முந்தப் பார்க்க வேண்டாம் என்று மன்றத்தின் சார்பில் கண்டிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். பத்து நிமிடம் பிந்திப் போனால் யாருக்கும் நட்டமில்லை.

பைக் நிறுத்துமிடம் வெறும் மண்தரை. மழை பெய்து ஈரமாக இருந்தால் சைடு ஸ்டாண்டு மெல்ல மெல்லப் புதையும். நிறுத்தும்போது நேராக நிற்கும் வண்டி மதியத்துக்குள் சாய்ந்து, பக்கத்து வண்டிகளையும் தள்ளிவிடும். உள்ளங்கை அகலப் பலகைத் துண்டு ஒன்றை ஸ்டாண்டுக்கு அடியில் வைத்தால் போதும். துண்டில் துளை போட்டுக் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை ஹேண்டில் பாரில் முடிந்துவிட வேண்டும். கிளம்பும்போது மறக்காது.

திரும்பும் நேரத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். அச்சிட்ட கால அட்டவணையில் கடைசிப் பந்தயம் முடியும் நேரத்தோடு ஒன்றரை மணி நேரம் கூட்டித்தான் ரயிலோ பேருந்தோ முடிவு செய்ய வேண்டும். விபத்து நடந்தால் சிவப்புக் கொடி காட்டி நிறுத்துவார்கள். ட்ராக்கில் சிந்திய எண்ணெயைத் துடைக்க வேண்டும், வண்டியை இழுக்க வேண்டும். ஆம்புலன்ஸ் ஒன்று மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டால், அந்த இடத்துக்கு இன்னொரு ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்வரை அடுத்த பந்தயம் தொடங்காது. காலையில் ஏற்பட்ட தாமதம் மாலைவரை தொடரும். ஆகவே மன்றம் பேசும் வேனுக்கு மணிக்கணக்கில் வாடகை பேசாமல் நாள் வாடகையே பேசுகிறோம். வேன் எண்ணை எல்லோரும் காலையிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். இருட்டில் எல்லா வேனும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

சென்னைப் பயணம் தனி. இருங்காட்டுக்கோட்டை ட்ராக் சென்னைக்குள் இல்லை, பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்து இருக்கிறது. சேலத்தில் வழி இரண்டாகிறது. உளுந்தூர்ப்பேட்டை வழியாகப் போகும் பேருந்து கிளாம்பாக்கத்தில் விட்டுவிடும். அங்கிருந்து ஒரகடம் வழியாக மேற்கே திரும்பி வர வேண்டும். கிருஷ்ணகிரி, வேலூர் வழிப் பேருந்தோ ட்ராக் இருக்கும் நெடுஞ்சாலையிலேயே போகிறது. ஏறுமுன் நடத்துநரிடம் எந்த வழி என்றும், ஸ்ரீபெரும்புதூரில் நிற்குமா என்றும் கேட்க வேண்டும்.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி நடந்தது போன்ற இரவுப் பந்தயம் என்றால், அன்றிரவே ரயில் ஏற நினைக்க வேண்டாம். சென்ட்ரல் பக்கம்தான், ஆனால் நீலகிரி எக்ஸ்பிரஸ் 9 மணியையும், சேரன் 10 மணியையும் ஒட்டிக் கிளம்பிவிடும். அந்த முறை முதல் நாள் ஓட்டங்கள் ட்ராக்குக்கான பாதுகாப்புச் சான்றிதழுக்காகக் காத்திருந்து மணிக்கணக்கில் பிந்தின. மறுநாள் காலை வண்டிக்கு எடுத்துவிட்டால் நிம்மதி. முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. ஆன்லைனில் எடுத்த டிக்கெட் முழுவதும் காத்திருப்புப் பட்டியலிலேயே இருந்தால், பயணிகளின் இறுதிப் பட்டியல் (சார்ட்) தயாரானதும் தானாக ரத்தாகும். அதை வைத்துக்கொண்டு வண்டி ஏற முடியாது.

வரும் ஆண்டில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பயணப் பொறுப்பாளரை நியமிக்கவும், பலகைத் துண்டுகளை மன்றச் செலவில் அறுத்து வைக்கவும் பேரவையின் ஒப்புதலை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்